விடை வராத நாள்

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல். அதில் ஓவும் யூவும் வரவேண்டும். கனடாவிலிருந்து மகன் மாதவ் தினமும் இப்படியொரு புதிர் அனுப்புவான். ராஜலக்ஷ்மியின் விடை போய்விட்டால் அம்மா சௌக்கியம் என்று அர்த்தம். பேசும் வேலை மிச்சம்.

"மூணு நாளா விடையே அனுப்பலையா மாமி?" என்று கேட்டாள், கரோல் பாகில் பக்கத்து ஃப்ளாட் சுஷ்மா.

"அனுப்பினா கட்டைவிரல் படம் வரும். அனுப்பலேன்னா பதறிப்போய் போன் பண்ணுவான், பாரேன்."

மறுநாள் காலை வாசல் பூட்டை யாரோ குடையும் சத்தம் கேட்டது. ராஜலக்ஷ்மி கதவைத் திறந்தாள். சாவிக்காரனும் வீட்டு புரோக்கரும் நின்றிருந்தார்கள்.

"அரே ஆன்ட்டி, நீங்க இருக்கீங்களா?" புரோக்கர் இந்தியில் திணறினான். "ஃப்ளாட் காலியாயிருக்கும், திறந்து பார்த்து விலை சொல்லுன்னு மாதவ் சாப் நேத்திலேர்ந்து போன் மேல போன்."