பூட்டிய வீட்டுச் சோப்பு நுரை

பூட்டிக் கிடந்த வீட்டின் வாசலில், புதிதாகப் போட்ட பாதாளச் சாக்கடையின் மூடியைத் திறந்த பிளம்பர் திகைத்தார். வீட்டிலிருந்து சோப்பு நுரை பொங்கிப் பொங்கி வந்தது.

ஈரத்தலையைத் துவட்டியபடி ஓர் அம்மா அருகில் வந்து நின்றார்.

"இந்த வீட்ல யாரும்மா இருக்கா?"

"யாருமில்ல தம்பி. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் குடம் சுமந்தே போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுக்கப்புறம்தானே ஊருக்குக் குழாய் வந்துச்சு."

"அப்போ நீங்கதான் சுவரேறிக் குதிச்சுக் குளிச்சீங்களாக்கும்!" பிளம்பர் சிரித்தார்.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது.

"அடுத்தவங்க வீட்ல நான் ஏன் குளிக்கப்போறேன்? அப்பதான் கொடுத்து வைக்கல. இப்பவாவது ஆசை தீரக் குளிக்க வேண்டாமா? மூடியைப் போடு தம்பி, அடுத்து அவர் குளிக்கணும்."

பூட்டிய வீட்டுக்குள் யாரோ குழாயைத் திறந்தார்கள்.