ஒன்பதாவது பதிவு
அன்று மழை பெய்ததா என்பது சரியாக நினைவில்லை. மங்கலான ஜன்னல் மட்டும் தெரிகிறது. நூலகத்தின் கணினி அறையில் எங்களுக்குத் தேர்வு நடக்கிறது. இருபது நிமிடத்தில் நூறு புத்தகங்களின் மாதிரிப் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினால்தான் பட்டியல் பிரிவில் இனி இடம். பக்கத்து இருக்கையில் எங்கள் பிரிவின் மூத்த நூலகர் அக்கா, ஒன்பதாவது பதிவிலேயே நிற்கிறார். "தேனீ வளர்ப்பைக் கொண்டுபோய் சமையல்ல வச்சிருக்கான் பாரு, கூறுகெட்டவன்." "சும்மா மாதிரிக்குத்தானேக்கா, அப்படியே மாத்திட்டுப் போங்க." "தேடி வர்றவன் எந்தச் சுவத்துல போய் முட்டிக்குவான்?" ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் திருத்துகிறார். கண்காணிப்பாளர் என்னை முறைக்கிறார். நான் என் அடுத்த பதிவை அப்படியே மாற்றுகிறேன். அக்கா பதினான்காவது பதிவைத் திறக்கும்போது நேரம் முடிந்து திரை அணைகிறது. நான் தேறி அவருடைய நாற்காலிக்கு வந்தேன். அக்கா வாசலில் பைகளுக்கு டோக்கன் கொடுத்தே ஓய்வு பெற்றார்.