அரை இஞ்ச்

எஞ்சின் அணைந்த படகு அலையோடு பக்கவாட்டில் நழுவுகிறது. காலையில் ஷீப்ஸ்ஹெட் பே படகுத்துறையில் மீன்பிடிக்க டிக்கெட் வாங்கி ஏறிய நாற்பது பேரும் கம்பியோரம் தோளோடு தோள் இடிக்க நிற்கிறார்கள். சாம்பல் பூத்த வெயில். டீசல் புகையும் கணவாய் இரையின் வாடையும். நாள் முழுக்கக் காத்திருந்த கார்மைனுக்குக் கிடைத்த ஒரே மீன் பலகையில் கிடந்து வாயைத் திறந்து மூடுகிறது. மண் நிறத் தட்டை மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். தூண்டில் முள்ளைத் தொண்டைவரை விழுங்கிவிட்டதால் செவுளில் ரத்தம் வழிகிறது. படகில் வேலை செய்யும் டீனா அளவுகோலை வைக்கிறாள். வாலை நீவிவிட்டு மறுபடியும் வைக்கிறாள்.

“சட்டம் சொல்ற அளவுக்கு அரை இஞ்ச் குறையுதுண்ணே. கடல்லதான் விடணும்.”

“எப்படியும் செத்துரும்மா அது. ஆஸ்பத்திரில என் பொண்டாட்டி ரோசால்பா ஒம்பது நாளா ஒரு வாய் சாப்பிடல. நேத்துதான் வாயத் திறந்து கேட்டா, நீ புடிச்ச மீனா வறுத்துக் குடுன்னு.”

டீனா அவர் முகத்தைப் பார்க்காமல் மீனைத் தண்ணீரில் விடுகிறாள். “கொஞ்சம் பொறுங்க. நீந்திப் போயிரும்.”

ஆஸ்பத்திரியிலும் இதே குரலில்தான் சொல்கிறார்கள். மீன் வெள்ளை வயிறு மேலாக மிதக்கிறது. ஒரு கடற்காகம் இறங்கி, அதைப் புரட்டிப்போட்டு, கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறது. கரை திரும்பச் சொல்லிச் சங்கு ஊதுகிறது. எல்லோரும் தூண்டிலைச் சுருட்டுகிறார்கள். கார்மைனின் கைகள் மட்டும், மனைவியிடம் காட்டப்போவதுபோல, அந்த மீனின் நீளத்துக்கு விரிந்தபடியே நிற்கின்றன.