ஆறு முறை காணாமல் போனவர்

வினாயகமூர்த்தி ஆறாவது தடவையாகக் காணாமல் போயிருந்தார்.

சுனாமியில் கடல் ஊருக்குள் அடித்து ஒரு மாதம். மட்டக்களப்பின் நாற்பது முகாம்களிலிருந்தும் படிவங்கள் வந்து கணினியில் ஏறின. ஒரு பட்டியலில் தேடப்படுவோர், மற்றதில் முகாம்களில் இருப்போர். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் பொருந்தினால் முகாம் ஒலிபெருக்கியில் அந்த ஆளைக் கூப்பிடுவார்கள். தேடப்படுவோர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும்.

தேற்றாத்தீவு வினாயகமூர்த்தியின் பெயர் மட்டும் நீங்கிய மறுநாளே திரும்பி வந்தது.

“இந்த மனிசனுக்குக் காணாமப் போறதே வேலையா இரிக்கு,” என்றான் இதற்கான கணினி நிரலை எழுதிய ரதீஸ். நிரலில் பிழை இல்லை. தினமும் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது.

இந்த ஏற்பாடு முழுவதையும் திட்டமிட்டு நடத்தும் டினோஷா ஆறு படிவங்களையும் மேசையில் பரப்பினாள். ஒரே கையெழுத்து. ‘முதுகில் தையல் தழும்பு, சட்டை போட்டால் தெரியாது’ என்று அடையாளம். தேடுபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. எழுதத் தெரியாதவர்கள் தவறிவிடக் கூடாதென்று அந்த இடத்தைக் கட்டாயமில்லாமல் வைத்தவள் அவள்தான்.

மேலதிகாரி தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டார். பொய்ப் படிவம் உள்ளே வருமென்றால் நாலு மணிக்குக் கணினியை நிறுத்திவிட்டுப் பழையபடி கையாலேயே தேட வேண்டியதுதான். கையால் தேடி இரண்டு வாரத்தில் பதினொரு பேரைத்தான் சேர்க்க முடிந்தது. கணினி ஒரே வாரத்தில் நானூறு பேரைச் சேர்த்திருந்தது.

வினாயகமூர்த்தி இருந்த முகாமுக்கு டினோஷா ஆள் அனுப்பினாள். மூன்றரைக்கு அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆறு தடவை கூப்பிட்டும் இவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை என்று கூட்டி வந்தவர் சொன்னார்.

டினோஷா படிவங்களை அவர் பக்கம் தள்ளினாள். “ஐயா, ஆரோ உங்கள ஒவ்வொரு நாளும் தேடுறாங்க. ஆரெண்டு தெரியாட்டி நாலு மணிக்கு இதெல்லாத்தையும் பூட்டிருவாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

அவர் படிவங்களைத் தொடவில்லை. முகாமில் காலையில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவதையும், கேட்டவர்கள் எழும்பி ஓடுவதையும் பற்றி மெதுவாகச் சொன்னார்.

“எழுதினது ஆர் ஐயா?”

“நான்தான், மகள். என்னைத் தேட வேற ஆரும் இல்ல.”