'மூன்று வாத்து' பப்பின் நெருப்பு

கணப்பின் சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

ஜில்லென்றிருந்தது.

இன்னும் ஆழமாக விட்டான். ஒரு பொறிகூட இல்லை.

தலைக்கு மேலே, உத்தரத்தில், தங்க எழுத்துகள்: 'முந்நூறு ஆண்டுகளாக அணையாத நெருப்பு'.

அணைந்துவிட்டது.

இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் அந்த நெருப்பு சர்ச்சுக்கு ஒரு படி மேல். அதில் குளிர்காய ஒரு ராஜா குதிரையோடு உள்ளே வந்தாராம். ராஜா உறுமிவிட்டுப் போனாராம். குதிரைதான் நன்றி சொன்னதாம். ஒரு மழைக்கு ஆறு உடைத்துக்கொண்டு பப் வாசல்வரை வந்து, நெருப்பைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திரும்பிப் போனதாம்.

பப்பை வாங்கி, சாவி அவன் கைக்கு மாறிய அன்று ஊரே கூடி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டது. பீரை மாற்று. மீனில் மிளகாய்த்தூள் போடு. நெருப்பை மட்டும் அணையவிடாதே.

ஊருக்கே ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். கிரிக்கெட் பார்த்த சுவாரஸ்யத்தில் இரவு தணலைச் சாம்பலால் மூட மறந்தவன் அதில்தான் இருக்க வேண்டுமா?

இனிக் கதவைத் திறக்க வேண்டும். முதல் ஆளாக சிரில் வருவார். ஆயுள் முழுக்க அவர் உட்கார்ந்து உட்கார்ந்து, கணப்பருகே இருந்த நாற்காலிக்கே அவர் ஜாடை வந்துவிட்டது. அவர் மூக்குக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு ரொட்டி கருகியதில்லை.

லைட்டரைத் தட்டினான். ஈர விறகு முகம் கொடுக்கவில்லை.

மனைவி தவமலர் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கணப்பைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மேலே போய், சாமி படத்தடியில் இருந்த கற்பூரப் பெட்டியோடு வந்தாள்.

"இப்பிடியே முழிச்சுக்கொண்டு நிக்கப்போறியளோ? தள்ளுங்கோ."

ஒரு கைப்பிடி கற்பூரம். குப்பென்று பிடித்துக்கொண்டது.

பப் முழுக்க நல்லூர்க் கோயில் மணத்தது.

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டான். மணம் போவதாக இல்லை.

சிரில் வந்தார். வாசலில் நின்று மூச்சை ஒருமுறை இழுத்தார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து நெருப்பையே பார்த்தார்.

அவன் பீர் ஊற்றினான். நுரை கையெல்லாம் வழிந்தது.

"கணப்பில் இடப்பக்கம், மேலே மூன்றாவது செங்கல்," என்றார் சிரில். "ஆடும். இழுத்துப் பார்."

இழுத்தான்.

உள்ளே ஒரு பொந்து.

முன்னால் ஒரு பிளாஸ்டிக் லைட்டர். அதன் பின்னால் தீப்பெட்டிகள். கப்பல் படம் போட்டது ஒன்று, படமே அழிந்துபோனது ஒன்று. அதற்கும் பின்னால் தீப்பஞ்சு வைக்கும், மூடி துருவேறிய தகர டப்பா. கடைசியில், விரல் நுனிக்கு மட்டும் எட்டியது, ஒரு சிக்கிமுக்கிக் கல்.

அவனுக்கு முன்னே இத்தனை பேரா?

கற்பூரப் பெட்டியை எடுத்து லைட்டருக்கு முன்னால் வைத்தான். செங்கல்லைத் தள்ளி மூடினான்.

கதவு திறந்தது. கேமராவோடு ஒரு வெளியூர் ஜோடி. உத்தரத்து எழுத்துகளை வாசித்துவிட்டு, உண்மையாகவே அணைந்ததே இல்லையா என்று கேட்டார்கள்.

"முந்நூறு வருஷமா..." என்று தொடங்கினான்.

சிரில் தொண்டையைக் கனைத்தார்.

"நானூறு," என்றான் அவன்.