கீறல் ஓடிய பக்கம்

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

தச்சுப் பட்டறைக்காரர், பலகைமேல் ஒட்டுகிற மைக்கா ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டிய விளிம்பு நெடுகப் பொரிந்து, பல் பல்லாக நின்றது.

மச்சினன் ஷீட்டைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"நேத்து அவசரத்துல கவனிக்கல மாமா."

"எலி கடிச்சிருந்தாகூட இதைவிட நேரா கடிச்சிருக்கும். உங்க அக்காவைக் கட்டி வச்சப்பவே உன்னையும் சேர்த்து என் தலையில கட்டிட்டாங்க."

நாற்பது வயதைத் தாண்டியும் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பதில் பேச்சு வைத்திருப்பவன் அவன். இன்று வாயைத் திறக்கவில்லை.

அந்த நிறத்தில் அது கடைசி ஷீட். இனி வராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அலமாரிக் கதவுகள் எல்லாவற்றுக்கும் ஒட்டியாகிவிட்டது. ஒரே ஒரு கதவு மட்டும் மொட்டைப் பலகையாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"நாளையிலேருந்து நீ வர வேணாம். நான் ஒருத்தனே பார்த்துக்கறேன்."

டீ கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றாள். தம்பிக்காக அவளும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மைக்காவை அறுப்பதில்லை, கீறி ஒடிப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம்தான். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேனாவால் கோடு போடுகிற அழுத்தத்தில் முதல் கீறலை எதிர்முனையிலிருந்து தன் பக்கமாக இழுக்க வேண்டும். அது கத்திக்குத் தடம் போட்டுக் கொடுக்கும். அடுத்த கீறல்கள் அந்தத் தடத்திலேயே ஆழமாக இறங்கும். பிறகு ஸ்கேலை அசைக்காமல், மேஜைக்கு வெளியே நீட்டியிருக்கும் பாகத்தை மேல்நோக்கித் தூக்கினால் டக்கென்று நேராக ஒடியும்.

கீழே அமுக்கினால் பளபளப்பு பொரிந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பட்டறைக்காரர் வாயில் வருகிற விஷயம் இது.

இது கீழே அமுக்கித்தான் ஒடிக்கப்பட்டிருந்தது.

மிச்சத்தில் ஏதாவது தேறுமா என்று பார்க்கக் கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தார். விளிம்பை ஒட்டி ஒரு கீறல் மட்டும் தனியாகப் பிரிந்து ஓடியிருந்தது. கத்தி வழுக்கின தடம்.

வழுக்கின தடம் ஆளைக் காட்டிக் கொடுக்கும். வலது கைக்காரர் ஸ்கேலை இடது கையால் அழுத்துவார். கத்தி ஸ்கேலின் வலப்பக்கம் ஓடும். வழுக்கினால் ஸ்கேல் தடுக்கும், அதனால் வலப்பக்கம்தான் விலகும். இடது கைக்காரருக்கு எல்லாமே நேர்மாறு. எந்த முனையில் ஆரம்பித்தது என்று மட்டும் தெரிய வேண்டும். அதுவும் தெரியும். கத்தி நுனியை ஊன்றிய இடத்தில் சின்னப் புள்ளி விழுந்திருக்கும்.

புள்ளி எதிர்முனைக்குப் போகும்படி ஷீட்டைத் திருப்பினார். இப்போது வெட்டியவர் நின்ற இடத்தில் அவர் நின்றார்.

கீறல் இடப்பக்கம் ஓடியிருந்தது.

மச்சினன் வலது கைக்காரன். பட்டறையில் அவர்கள் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

பட்டறைக்காரர் தன் இடது கையில் இருந்த கத்தியைப் பார்த்தார்.

நேற்றுச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதவுகளுக்குக் கீல் மாட்டியது ஞாபகம் இருந்தது. அதற்கு அடுத்து இன்று காலை.

கத்தியைச் சத்தம் வராமல் மேஜைமேல் வைத்தார்.

"இது எத்தனாவது தடவை?" என்று கேட்டார்.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், யார் சொல்வது என்று.