முதல் வாசகர்

"விலங்கு மாட்டப் போறீங்களா, இல்ல நானே நடந்து வரட்டுமா?" என்று இரண்டு கைகளையும் நீட்டினான் கிளைவ்.

ஊதா வெல்வெட் கோட்டும் தோளில் புரளும் முடியுமாகக் காலையிலிருந்தே அவன் தயார். லண்டன் நாட்டிங் ஹில்லில் இருந்த அவனுடைய சின்னப் புத்தகக் கடை வாசலில், 'கவிஞனைத் தொடாதே!' என்ற அட்டைகளோடு பத்துப் பன்னிரண்டு நண்பர்கள். பத்திரிகைக்காரன் ஒருவனும் காமிராவோடு நின்றான்.

சார்ஜென்ட் ஆக்டன் கையில் விலங்கு இல்லை. ஓர் அட்டைப் பெட்டிதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் ஆபாசம் என்று புகார் வந்து, போலீஸ் அள்ளிக்கொண்டு போன கிளைவின் கவிதைத் தொகுப்புகள்.

"விலங்கு எதுக்குங்க? கேஸே இல்லை. இந்தாங்க, உங்க புத்தகம்."

கிளைவ் நீட்டிய கைகளை இறக்கினான். "சரியாப் படிச்சீங்களா? அந்தக் குளியலறைக் கவிதை?"

"ரெண்டு தடவை படிச்சேன். குழாய் ஒழுகுறதைப் பத்தித்தானே?"

"ஐயோ, அது குழாய் இல்ல சார்!"

"எங்க இன்ஸ்பெக்டரும் குழாய்னுதான் சொன்னார். அவர் சம்சாரம் படிச்சுட்டு, 'முதல்ல நம்ம வீட்டுக் குழாயைச் சரி பண்ணுங்க'ன்னு ஒரே சண்டையாம்."

கிளைவின் மனைவி மொரீன் சார்ஜென்ட்டுக்குத் தேநீர் ஊற்றினாள். கிளைவ் நாற்காலியில் சரிந்தான். அடுத்த தெருக் கவிஞன் ஒரே வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அவன் புத்தகம் இப்போது ஐந்தாம் பதிப்பு ஓடுகிறது. இவனுடையது ஆறு மாதமாக ஒரு பிரதிகூட விற்கவில்லை.

வெளியே அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்திரிகைக்காரன் எதிர்த்த துணிக்கடையில் குட்டைப் பாவாடைகளைப் படமெடுக்கப் போய்விட்டான்.

"இருந்தாலும்," கிளைவ் மெல்ல நிமிர்ந்தான், "யாரோ ஒருத்தர் கடையில நின்னே படிச்சிருக்கார். படிச்சுக் கொதிச்சுப் போயிருக்கார். அந்தப் புகார்க் கடிதத்தை ஒரு தடவை காட்டுங்க சார். ஒரு நெஞ்சையாவது தொட்டுட்டேனே, அது போதும்!"

"பேர் போடாத கடிதம்தான். நீங்களே வெச்சுக்கோங்க" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, தேநீரைக் குடித்து முடித்துக் கிளம்பினார் சார்ஜென்ட்.

'இந்தக் கவிதைகளைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை' என்று ஆரம்பித்தது கடிதம். அந்தச் சாய்ந்த கையெழுத்து அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கிளைவின் கண்கள் கலங்கிவிட்டன. "மொரீன்... என் கவிதை உன்னை அவ்வளவு பாதிச்சுதா?"

"நான் எங்கே படிச்சேன்?" என்றாள் அவள், கோப்பையைக் கழுவியபடி. "போலீஸ்காரங்களாவது படிக்கட்டுமேன்னு எழுதிப் போட்டேன்."